ஆறுமணிக் குருவியும் அக்கா மகள் காதும்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் அக்கா மகள் தாரணியின் காதுகுத்து அன்று எடுத்த நாற்பத்தொரு படங்கள் இருக்க வேண்டும். இருப்பது ஒரே ஒரு படம். அதிலும் காது எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு இடத்தில் விரல் வைப்பார்கள். அந்தப் படத்தை எடுத்த மேதை நான்தான். இருபது வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவுமே கிடையாது. (இப்ப அம்பதைத் தொடப் போறேன். டிவி ரிமோட்டைக்கூட பொண்டாட்டியைக் கேட்டுத்தான் அமுக்குறேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. துடியலூரில் இருந்தோம். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம். அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. அக்காவைக் கட்டிய மச்சான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். தாரணி பிறந்து நாற்பதாம் நாள் அவர் திரும்பக் கிளம்பிப் போனார். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான். போகும்போது தன் கேமராவை என் கையில் கொடுத்தார். சாதாரண டப்பா கேமரா இல்லை. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற ரகம்.

"மாப்ள, பாப்பா வளர்றத நான் இதுலதான் பாக்கோணும். நீங்கதான் எடுத்து அனுப்போணும்" என்றார். பஸ் ஏறுகிற வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை, கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் மாதம் காதுகுத்து வைத்தார்கள். சின்னத்தடாகம் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் நல்ல நேரம். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று வாரத்தில் மூன்று கடிதம் வந்தது. மூன்றிலும் ஒரே விஷயம். தாய்மாமன் மடியில் பாப்பா உட்கார்ந்து காது குத்துகிற அந்த ஒரு படம் மட்டும் எப்படியாவது வேண்டும். கடைசிக் கடிதத்தின் பின்பக்கம், கேமராவைக் கையாள பதினொரு விதிகள் எழுதியிருந்தார். நான் ஆறாவது விதியோடு நிறுத்திக்கொண்டேன். ஒளியியலில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவனுக்கு ஒரு ஏசி மெக்கானிக் சொல்லித் தருவதா? (கொழுப்பு. வேற என்ன?)

தாய்மாமன் யார் என்று சொல்லவில்லையே. நான்தான். அக்காவுக்கு ஒரே தம்பி. மடியும் என்னுடையது, கேமராவும் என் கையில்.

இந்த இடத்தில் குருவி வருகிறது.

எங்கள் கல்லூரியில் இயற்கை மன்றம் என்று ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குக் கூட்டிப்போய்ப் புளிசாதம் போடுவார்கள் என்பதற்காகச் சேர்ந்தேன். அங்கே எல்லாரும் ஆறுமணிக் குருவி, ஆறுமணிக் குருவி என்று உயிரை விட்டார்கள். மைனா அளவு இருக்கும். வாலை யாரோ பாதியில் வெட்டிவிட்ட மாதிரி ஒரு வடிவம். ஆனால் உடம்பில் ஒன்பது நிறம். முதுகில் பச்சை, அடிவயிற்றில் சிவப்பு, றெக்கையில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து, மூங்கில் புதருக்கு அடியில் இருட்டான இடமாகப் பார்த்து, சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டு காலத்தை ஓட்டும். ஆள் அரவம் கேட்டால் போதும், காணாமல் போய்விடும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். மற்ற நேரத்தில் அது இருக்கிறதா என்றே தெரியாது.

பிரச்சினை அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆறு மணிக்குக் காட்டுக்குள் ஏது வெளிச்சம்? பத்துமணிக் குருவி என்று ஒன்றைக் கடவுள் படைத்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டியே வந்திருக்காது.

மன்றத்தில் எல்லாரும் அதைப் பார்த்திருந்தார்கள். யாரும் படம் எடுத்ததில்லை. "அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டுல ஒட்டறேன், பாருங்க" என்று நான் சொல்லிவிட்டேன். மன்றச் செயலாளர் சிரித்தார். "தம்பி, அது ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டூல்ல உக்காராதுங்க" என்றார். அவர் சிரித்ததுதான் தப்பு.

கணக்குப் போட்டேன். கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ஓடை, ஓடையோரம் மூங்கில், மூங்கிலடியில் குருவி. அதற்கு ஆறு மணி, பாப்பாவுக்கு ஏழரை. நடுவில் ஒன்றரை மணி நேரம். ஒரே ரோல். குருவிக்கு எட்டுப் படம், மீதியெல்லாம் காதுகுத்துக்கு. எவ்வளவு அழகான திட்டம்!

அப்பா முப்பத்தாறு படம் எடுக்கிற ரோல் ஒன்று வாங்கி வந்தார். எங்கள் அப்பாவின் பட்டறையில் 'வேஸ்ட்' என்பது கெட்ட வார்த்தை. இரும்புக் கம்பியில் கால் இஞ்சு மிஞ்சினாலும் எடுத்து டப்பாவில் போடுவார். வீட்டில் பற்பசைக் குழாயைக் கடைசியில் கத்தரித்து உள்ளே வழிப்பார். அவர் ரோலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருளையிலிருந்து பிலிமின் நுனி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"இதென்றா, இத்தன நீளம் சும்மா நீட்டிக்கிட்டு இருக்குது?"

"அது கேமராவுல மாட்டறதுக்குங்கப்பா. அந்த முனையில வெளிச்சம் பட்டுரும். படம் உழுகாது."

"எத்தன படம் போகும்?"

"ஒரு ரெண்டு மூணு போகுங்க."

பட்டறையில் லேத் டூல் உடைந்தால் வருகிற முகம் வந்தது. "மூணு படமா? சும்மாவா போகுது?"

அன்று சாயங்காலம் அப்பனும் மகனும் சேர்ந்து, தலைக்கு மேல் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கும்மிருட்டில் பிலிம் மாட்டினோம். வெளிச்சம் படாமல் மாட்டினால் முதல் படத்திலிருந்தே எடுக்கலாம் என்பது என் பிசிக்ஸ். நாக்கை எதற்கு இவ்வளவு நீளம் விட வேண்டும், கத்தரித்துவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு மிஞ்சும் என்பது அப்பாவின் பட்டறை அறிவு.

"துளியூண்டு விட்டா பத்துமாப்பா? சுத்தற உருளை புடிக்கோணுமே" என்று நான் இருட்டுக்குள் கேட்டேன்.

"அரை இஞ்சு போதுன்டா. லேத்துல அரை இஞ்சைச் சக்கு வாயில கவ்வ வெச்சு ஒருமுழக் கம்பியக் கடைஞ்சிருக்கேன். இது பிலிமு. காத்தடிச்சாப் பறக்கும்."

கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. கேமராவின் முதுகு 'டக்' என்று மூடியது. வேர்த்து வழிய இருவரும் வெளியே வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, அப்பனும் மகனும் உள்ள என்ன பண்றீங்க?"

"மூணு படம் மிச்சம் புடிச்சிருக்கறோம்" என்றார் அப்பா. அவர் என்னோடு சேர்ந்து செய்த முதல் வேலை அது. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோயில் வாசலைக் கூட்டி வைக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். (சாமி கண்ணைக் குத்தாம விட்டது பெரிய விஷயம். குத்துறதுக்குத்தான் காதுகுத்து இருந்துதே.) பையில் கேமராவோடு அம்மாவின் பழைய பச்சை நூல் சேலையும் இருந்தது. அதை இரண்டு மூங்கில் தூருக்கு நடுவே கட்டி, நடுவில் ஓட்டை போட்டு, பின்னால் குந்தி உட்கார்ந்தேன். குருவி பச்சையைப் பார்த்துப் புதர் என்று நினைத்துக்கொள்ளும். சேலையில் மஞ்சள் பூ போட்டிருந்ததை நான் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

இருட்டு. ஓடைத் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. அதனால் நான் மூச்சையும் குறைவாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன். கேமராவுக்குள் பார்த்தால், வெளிச்சம் காட்டுகிற முள் அடியில் படுத்துக் கிடந்தது. ஐந்தே முக்காலுக்கு லேசாகத் தலை தூக்கியது. எட்டில் ஒரு பங்கு நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால்தான் படம் விழும் என்றது. எட்டில் ஒரு பங்கு நொடியில் அந்தக் குருவி ஒரு சருகைப் புரட்டி, புழுவைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த சருகுக்குப் போய்விடும். அது ஒரு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். நானும் ஆடாமல் இருக்க வேண்டும்.

ஆறு மணிக்குச் சரியாக விசில் கேட்டது. பக்கத்தில்தான். கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

அதே நேரம் முதுகுக்குப் பின்னால் ஒரு குச்சி ஒடிந்தது. இன்னொன்று ஒடிந்தது. கனமான காலடி. யானை! எனக்குத் தெரிந்த சாமி பெயர்கள் எல்லாம் இரண்டு நொடியில் தீர்ந்துபோயின.

"ஏனுங்க... உள்ள ஆருங்க?"

யானை இவ்வளவு மரியாதையாகப் பேசாது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு அது முடியாது. ஒருத்தர் 'ஏனுங்க' என்று கூப்பிட்டுப் பதில் சொல்லாமல் இருந்தால், வளர்ப்பு சரியில்லை என்று எட்டு ஊருக்குச் சேதி போய்விடும்.

"நாந்தானுங்க" என்று கிசுகிசுத்தேன்.

"நாந்தான்னா ஆருங்க?"

சேலையை விலக்கிக்கொண்டு ஒரு தலை உள்ளே வந்தது. தலையைச் சுற்றிக் கம்பளி, கையில் முழங்கை நீளத்துக்கு ஐந்து பேட்டரி டார்ச். ஐம்பது வயது இருக்கும். "சேல தொங்குதேன்னு பாத்தனுங்க. ஆராச்சும் அம்மிணி வழி தப்பி வந்துபோட்டாளோன்னு. நான் நாச்சிமுத்துங்க. மேக்கால நம்ம வாழத் தோட்டம். ஆனை வருதுன்னு காவலுக்குப் படுத்திருந்தனுங்க."

இப்போது என் வாய் செய்த காரியத்துக்கு நான் பொறுப்பில்லை. அதுவாகச் சொன்னது: "வாங்க, உக்காருங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த இடம் ஒன்றரை ஆளுக்குப் போதுமானது. நான் அந்த அரை ஆனேன்.

"எந்த ஊருங்க?"

"துடியலூருங்க." (இன்னும் கிசுகிசுப்புதான்.)

"துடியலூர்ல ஆரு மகனுங்க?"

"லேத்துப் பட்டறை ராமசாமி மகனுங்க."

"சிங்காநல்லூர்ல பட்டறை வெச்சிருக்காரே, அவருங்களா? அட, உங்கம்மாவோட பெரியம்மா பொண்ணை எங்க சித்தப்பன் ஊட்டுலதானுங்க குடுத்திருக்குது! ஒறம்பரை முறையாயிப் போச்சுங்களே!"

உறவு என்று தெரிந்ததும் அவர் குரல் ஒரு படி ஏறியது. குருவி நின்ற பக்கம் சருகுச் சத்தம் நின்றது. உறவுக்காரரை, அதுவும் பெரியவரை, வாயை மூடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

"தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் மெதுவாப் பேசலாங்களா? இங்க ஒரு குருவியப் படம் புடிக்க உக்காந்திருக்கறனுங்க. அதுக்குக் கூச்சம் சாஸ்திங்க."

"கூச்சமுங்களா? பாவம். செரீங்க, செரீங்க" என்று மெதுவாகச் சொன்னார். ராத்திரி முழுக்க யானையை விரட்டிய தொண்டை. அது மெதுவாகச் சொன்னது ஆனைகட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனாலும் குருவி வந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். ஏழெட்டு அடி தூரத்தில், ஓடைக்கல் பக்கத்தில், சருகுக்கு நடுவே குட்டையாக ஒன்று தத்தி வந்து நின்றது. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. அந்த இருட்டிலும் றெக்கையில் இருந்த நீலம் தெரிந்தது. நான் எடுத்தேன். பிலிமை நகர்த்துகிற லீவரைத் தள்ளினேன். மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கேமரா 'டப்' என்று அடித்தது, குருவி ஒவ்வொரு தடவையும் ஒரு தத்து தள்ளிப்போனது. ஏழு படம் ஆயிற்று. நாச்சிமுத்து என் காதுக்குள் வாயை வைத்தார்.

"ஏந் தம்பி, இருட்டா இல்லீங்களா? இதுல உழுகுமுங்களா?"

"வெளிச்சம் பத்தலைதானுங்க."

என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான வாக்கியம் அதுதான். எங்கள் பக்கத்து மனிதரிடம் ஒன்று 'பத்தலை' என்று சொல்லிவிட்டு அப்புறம் நீங்கள் தடுக்க முடியாது. சோறு பத்தலை என்றாலும் சரி, வெளிச்சம் பத்தலை என்றாலும் சரி.

"அதச் சொல்லலாமுங்களா!" என்றார். ஐந்து பேட்டரி டார்ச்சைத் தூக்கிப் பொத்தானைத் தள்ளினார்.

கொம்பன் யானையைத் திருப்பி அனுப்புகிற வெளிச்சம் முழுவதும் அந்தக் கைப்பிடிக் குருவி மேல் விழுந்தது. ஒரு நொடி அது அப்படியே நின்றது. ஒன்பது நிறமும் பளபளவென்று எரிந்தன. என் விரல் தானாக அமுக்கியது. அடுத்த நொடி அங்கே வெறும் சருகுதான் இருந்தது.

"போயிருச்சுங்களா?" என்றார் நாச்சிமுத்து, மனசு வருந்தி. "நல்லா வெளிச்சம் வந்தா இன்னும் கிட்ட வரும்னு பாத்தனுங்க."

மணி ஆறரை. உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் விடிகாலையில் ஒரு உறவுக்காரரைப் பார்த்துவிட்டு, நம் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாமல் போக முடியுமா? "அக்கா மகளுக்குக் காதுகுத்துங்க, கண்டிப்பா வரோணும்" என்றேன். அவர் வீட்டு வாசல் வழியாகப் போகும்போது காப்பி குடிக்காமல் அவர் விடுவாரா? "ஒரு வாய் காப்பிங்க" என்று சொன்னார். அந்த ஒரு வாய் காப்பி நான்கு இட்லியாக மாறி, பல் துலக்கி, அவர் வெள்ளை வேட்டி தேடிக் கட்டி, அவர் மனைவி "ஒறம்பரை ஊட்டு விசேசத்துக்கு வெறுங்கையோட போறதா" என்று ஒரு தார் வாழைப்பழத்தை வெட்டி எடுத்துவர, நாங்கள் மொபெட்டில் ஏறியபோது மணி எட்டு. பின்னால் நாச்சிமுத்து, அவர் மடியில் வாழைத்தார், கையில் டார்ச். பட்டப்பகலில் அதை ஏன் எடுத்துவருகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்வார், இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

கோயிலில் தாரணிக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. காது குத்துகிற ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தார். மடி இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மொபெட் தானாக நின்றது.

"எங்கடா போய்த் தொலஞ்ச? அவரு அங்க ஒத்தையில உக்காந்து மணி பாத்துக்கிட்டு இருப்பாரு. கேமராவாவது கொண்டாந்தியா?"

"இருக்குதுக்கா. எல்லாம் ரெடி."

"கூட ஆருடா?"

"நம்ம ஒறம்பரைக்கா."

அவ்வளவுதான். கோபத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்கண்ணா, அண்ணி வரலீங்களா?" என்று நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும் என்பதால் மடிப் படத்தை நான் எடுக்க முடியாது. அங்கே கேமராவைப் பழகியவர் என்று என்னைத் தவிர ஒருவர்தான் இருந்தார். காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஆயிற்றே. நாச்சிமுத்துவிடம் கொடுத்து, "இங்க அமுக்குங்க, இந்த லீவரத் தள்ளுங்க, மறுபடி அமுக்குங்க" என்றேன்.

அவர் கேமராவிடமும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அனுமதி கேட்டார். "எடுத்துக்கறனுங்க? கண்ணு, இங்க பாருங்க கண்ணு. அம்மிணி, கொஞ்சம் சிரிங்க." தாரணி என் மடியில் மலையே அதிரும்படி அலறினாள். ஆசாரி ஊசியைக் காதில் வைத்த நேரம் நாச்சிமுத்து கையைத் தூக்கினார். "ஏனுங்க ஆசாரியாரே, ஒரு நிமிசம் அப்புடியே நில்லுங்க!" ஆசாரி ஊசியோடு நின்றார். பிள்ளை அலறியது. அக்கா அழுதாள். "எடுத்தாச்சுங்க, குத்துங்க" என்று அனுமதி வந்தது. நாங்கள் செய்துகொண்டு போயிருந்த சிவப்புக் கல் தோட்டை, அந்தச் சின்னக் காதில் போட்டார்கள்.

அதன் பிறகு கேமராவை நான் வாங்கிக்கொண்டு சுட்டுத் தள்ளினேன். முப்பத்துநான்கு. முப்பத்தைந்து. முப்பத்தாறு. அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"முடிஞ்சுதா?"

லீவரைத் தள்ளிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. "இன்னும் போகுதுங்கப்பா."

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அப்பாவின் முகம் விரிந்துகொண்டே போனது. சமையல்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினார். வாழைத்தாரோடு நாச்சிமுத்துவை ஒன்று எடுக்கச் சொன்னார். நாற்பது. நாற்பத்தொன்று.

"போதுங்கப்பா, கம்பெனிக்காரன் அழுதுருவான்."

அப்பா என் தோளில் கையை வைத்தார். இருபது வருஷத்தில் அவர் அப்படிக் கை வைத்ததில்லை. சுற்றி இருந்தவர்களிடம், "முப்பத்தாறு படம்னு டப்பாவுல போட்டிருக்குது. எம் பையன் நாப்பத்தொண்ணு எடுத்துப்போட்டான். அப்புடித்தான்டா இருக்கோணும்" என்றார். பந்தியில் எனக்கு இரண்டு வடை கூடுதலாக விழுந்தது.

பிலிமை உள்ளே சுருட்டும்போது இரண்டே சுற்றில் முடிந்துவிட்டது. வெளிநாட்டுக் கேமரா என்றால் எவ்வளவு வேகம் என்று நினைத்துக்கொண்டேன். (நெனச்சேன்! எழுபத்தெட்டு மார்க்கு!)

செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் உறையை நீட்டவில்லை. என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எங்கள் ஊரில் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆரம்பித்தால் விஷயம் நல்லதாக இருக்காது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ரோலு முழுக்கக் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க. ஒண்ணுமே உழுகலை. மொத எடத்துல மட்டும் என்னமோ இருக்குதுங்க."

"நாப்பத்தொண்ணு எடுத்தனுங்களே!"

"எடுத்திருப்பீங்க. பிலிமு உருளையில கவ்வலீங்க. நகராம ஒரே எடத்துலயே நின்னுபோச்சு. நாப்பத்தொண்ணும் ஒண்ணு மேல ஒண்ணு உழுந்திருக்குதுங்க." நுனியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஆமா, நாக்க ஆருங்க இப்புடி ஒட்ட வெட்டுனது?"

"எங்கப்பாங்க" என்றேன். பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுக்க எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை.

பெரிய மனசு பண்ணி அந்த ஒன்றை மட்டும் அச்சுப் போட்டுக் கொடுத்தார். வெள்ளையும் சாம்பலுமாகப் பனிமூட்டம். உற்றுப் பார்த்தால் நாலைந்து தலைகள், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து. ஒரு மொட்டை மாதிரி வட்டம். அது மொட்டையாகவும் இருக்கலாம், சமையல்காரர் வயிறாகவும் இருக்கலாம். அந்த வட்டத்தின் ஓரத்தில், துளியாக, ஒரு நீலப் புள்ளி.

வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று தயாராக இருந்தேன். அக்கா திட்டவில்லை. படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவரால இனிப் பாக்க முடியாதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, எனக்கு எதுவும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. மச்சான் கடிதத்தை எடுத்து மீதி விதிகளைப் படித்தேன். ஏழாவது விதி இப்படி இருந்தது: லீவரைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பாருங்கள், சுற்றவில்லை என்றால் உள்ளே பிலிம் நகரவில்லை.

அப்பா மட்டும் படத்தைக் கீழே வைக்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார்.

"ஏன்டா, நாப்பத்தொண்ணும் இதுக்குள்ளதான் இருக்குதா?"

"ஆமாங்கப்பா."

"அப்ப வேஸ்ட்டுன்னு ஒண்ணும் ஆகலை" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். பச்சைச் சேலையில் ஓட்டை விழுந்திருப்பதை அவள் அதுவரைக்கும் பார்த்திருக்கவில்லை.

நான்கு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். குருவி, டார்ச், கம்பளி, கத்தரிக்கோல், எல்லாவற்றையும் எழுதிவிட்டு, படிக்கப் படிக்கக் கேவலமாக இருந்ததால் கிழித்துப் போட்டேன். 'மச்சான், படம் சரியாக வரவில்லை, மன்னிக்க வேண்டும்' என்று ஒரே வரி எழுதி, படத்தோடு மஸ்கட்டுக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அக்கா சத்தமாகப் படித்தாள்.

'மாப்பிள்ளைக்கு, படம் கிடைத்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. ரூமில் எல்லாரும் மழைமேகம் என்றார்கள். கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்து, வேலை முடிந்து வந்து தினமும் பார்த்தேன். நான்காம் நாள் பாப்பா தெரிந்துவிட்டாள். உங்கள் மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுகிறாள். காதில் நீலக்கல் தோடு ரொம்ப நன்றாக இருக்கிறது. தாய்மாமன் தேர்வு என்றால் சும்மாவா.'

அக்கா மடியில் தாரணி சிவப்புக் கல் தோட்டோடு உட்கார்ந்து கடித உறையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அது குருவியின் றெக்கை என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். டார்ச் வெளிச்சம் விழுந்த அந்த ஒரு நொடி. பிசிக்ஸ்படி பார்த்தால் வாய்ப்பே இல்லை. மேலே முப்பத்துமூன்று படம் பட்டப்பகலில் விழுந்த பிறகு ஒரு குருவி மிஞ்சாது. ஸ்டூடியோவில் மருந்து சிந்திய கறையாக இருக்கலாம்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சிவப்புன்னு நீ எழுதிப்போடாதடா" என்றாள். மறுநாளே அம்மாவும் அவளும் டவுன்ஹால் நகைக்கடைக்குப் போனார்கள். நீலக்கல்லை ராசி பார்க்காமல் போடக் கூடாது என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாளாம். அடுத்த வருஷம் மச்சான் லீவில் வந்து இறங்கியபோது பிள்ளை நீலக்கல் தோட்டோடு வாசலில் நின்றது. அவர் முதலில் குனிந்து காதைத்தான் பார்த்தார். "நாந்தான் சொன்னனே" என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் கேமராவைத் தொட்டாலே யாராவது குரல் கொடுப்பார்கள். "எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி நில்லுங்க, மாமா ஒரே படத்துல முடிச்சுப்போடுவாரு!"

போன மாசி மாதம் தாரணியின் மகனுக்கு அதே கோயிலில் காதுகுத்து. தாரணியின் தம்பி மடியில் பிள்ளை. சுற்றி இருபது செல்போன். நாச்சிமுத்து அண்ணன் தடியூன்றிக்கொண்டு வந்திருந்தார். "தம்பி, வெளிச்சம் பத்துமுங்களா?" என்று கேட்டார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "பத்துமுங்க, நெம்பப் பத்துமுங்க" என்று அவசரமாகச் சொன்னேன்.

தட்டில் நீலக்கல் கடுக்கன் இருந்தது. தாரணியின் மாமியார் ஈரோட்டுக்காரம்மா. எடுத்துப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, நீலம் போடறீங்க? எங்க பக்கம் இப்புடி வழக்கமில்லீங்களே" என்றார்.

அம்மா அசரவில்லை. "எங்க ஊட்டுல தாய்மாமன் நீலக்கல்லுதானுங்க போடோணும். ஏழு புள்ளைக்கும் அப்புடித்தான் போட்டிருக்குது. அந்தக் காலத்துல இருந்தே வாரதுங்க. சாமி குத்தமாயிரும்" என்றாள்.

அந்தம்மா கடுக்கனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டில் வைத்தார். நான் மூங்கில் பக்கம் பார்த்தேன். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எண்பதைத் தொடுகிற அப்பா, நாற்காலியிலிருந்து என் பக்கம் சாய்ந்து, ஊரே கேட்கிற கிசுகிசுப்பில் சொன்னார்:

"பாத்தியா? அன்னைக்கே சொன்னேன், வேஸ்ட் ஆகலைன்னு."